களத்திற்கு வெளியே ஒன்பது மாதங்கள்: காயம்பட்ட மாணவ வீரர்களின் மனநிலை

விளையாட்டில் காலில் அடிபட்டு வரும் பிள்ளையை நாம் முதலில் அழைத்துப் போவது எக்ஸ்ரே எடுக்கத்தான். 'எலும்பு முறியவில்லை' என்று சொல்லிவிட்டால் வீடே நிம்மதியாகிவிடுகிறது. ஆனால் கபடி, கால்பந்து, கூடைப்பந்து ஆடும் மாணவர்களை மிக நீண்ட காலம் உட்கார வைத்துவிடும் காயங்களில் ஒன்று எக்ஸ்ரேயில் தெரிவதே இல்லை. முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைத்துப் பிடித்திருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்துபோவதுதான் அது. நம் ஊர்களில் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று சொல்வார்கள். அதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டிவிடும். அந்தப் பிள்ளையின் மனதுக்குள் என்ன நடந்தது என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது.

அதைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம். தோள்பட்டை விலகல், கணுக்கால் பிசகு, ஓட்டக்காரர்களின் கீழ்க்கால் எலும்பில் வரும் மயிரிழை விரிசல் என்று காயங்கள் பலவகை. இருந்தாலும் ஏ.சி.எல். காயத்தையே நாம் முதன்மை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அறுவை சிகிச்சை, பிசியோதெரபி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒரு பள்ளி ஆண்டையே விழுங்கிவிடும் காயம் அது. மனரீதியான பாதிப்பைப் பற்றி அதிகம் ஆராயப்பட்டிருப்பதும் அந்தக் காயத்தில்தான்.

ஒரு மாணவனுக்கு விளையாட்டு என்றால் என்ன?

பெரியவர்கள் பலர் 'கால் சரியானதும் மறுபடியும் விளையாடலாம், அதுவரை படி' என்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால் காயம்பட்ட பதினாறு வயதுப் பையன் இழந்தது மாலை நேரப் பொழுதுபோக்கை அல்ல.

அவன் காலை ஐந்தரை மணிக்கு எழுந்தது பயிற்சிக்காக. அவனுடைய நண்பர்கள் எல்லாரும் அணியில் இருப்பவர்கள். வகுப்பில் சராசரி மதிப்பெண் எடுத்தாலும் ஆசிரியர்கள் அவன் பெயரை அறிந்திருப்பது மாவட்டப் போட்டியில் ஆடியதால். விளையாட்டு விடுதியில் தங்கிப் படிப்பவன் என்றால் அவன் உண்ணும் உணவும் உறங்கும் இடமும்கூட விளையாட்டால் கிடைத்தவை. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்விலும் மருத்துவக் கல்லூரிகளிலும் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உண்டு. அரசு வேலைவாய்ப்பில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பிளஸ் டூ படிக்கும்போது மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு முழங்கால் போனால், அந்தப் பிள்ளை மனதில் முதலில் ஓடுவது வலி அல்ல, சான்றிதழ் கணக்குதான். அடுத்த ஆண்டு ஆடலாம் என்று சொல்வதில் அவனுக்குப் பொருளில்லை. அடுத்த ஆண்டு அவன் பள்ளி மாணவனாகவே இருக்கமாட்டான்.

'நான் யார்' என்ற கேள்விக்கு 'விளையாட்டு வீரன்' என்ற ஒரே பதிலை வைத்திருப்பவர்களைப் பற்றி பிரிட்டன் ப்ரூவரும் அவருடைய சக அமெரிக்க உளவியலாளர்களும் 1993இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அந்த அடையாள உணர்வை அளக்க ஒரு வினாப்பட்டியலையும் உருவாக்கினார்கள். அந்த உணர்வு ஹெர்குலிஸின் தசையா, அக்கிலீஸின் குதிகாலா என்று கட்டுரையின் தலைப்பிலேயே கேட்டிருந்தார்கள். காலை ஐந்தரை மணிக்கு எழுப்பிவிடும் அதே உணர்வுதான், காயம் வந்தபின் ஆளைக் கீழே தள்ளுகிறது. விளையாட்டோடு வேறு எதையும் தன்னுடையது என்று வைத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குக் காயத்திற்குப் பின் மனச்சோர்வு கூடுதலாக வருகிறது என்பதைப் பிற ஆய்வுகளும் சொல்கின்றன. 'எப்போதும் அதே நினைப்பு' என்று நாம் பெருமையோடு சொல்லும் பிள்ளைதான் அதிகக் கவனத்துக்குரியவன்.

பெயர் இல்லாத காயம்

மருத்துவமனை வசதி உள்ளவர்களுக்கு இரண்டாவது நாளே எம்.ஆர்.ஐ. எடுத்து விடை தெரிந்துவிடும். நம் சிற்றூர் மாணவர்களின் கதை பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. விழும்போது 'டக்' என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் முழங்கால் பலூன் போல வீங்குகிறது. ஐஸ் கட்டி வைக்கிறார்கள், புத்தூர் கட்டுப் போடுகிறார்கள், எண்ணெய் தேய்க்கிறார்கள். மூன்று நான்கு வாரத்தில் வீக்கம் வடிந்து நடை சரியாகிவிடுகிறது. எல்லாரும் குணமாகிவிட்டது என்று நம்புகிறார்கள். ஏ.சி.எல். அறுந்த காலில் நேராக நடக்கலாம், ஓரளவு நேராக ஓடவும் செய்யலாம். திடீரென்று திரும்பும்போதுதான் முழங்கால் விலகி ஆள் கீழே விழுவார். கபடியில் ரெய்டு போய்த் திரும்பும் கணம் அது.

இந்த இடைப்பட்ட மாதங்கள்தான் மனதுக்கு மிகக் கொடுமையானவை. வெளியே தெரியும் காயம் ஒன்றும் இல்லை. பயிற்சிக்குப் போனால் கால் வழுக்குகிறது. போகாவிட்டால் 'நடிக்கிறான்', 'பயந்துவிட்டான்' என்ற பேச்சு வருகிறது. நாளடைவில் அந்தப் பிள்ளையும் தன்னைத் தானே சந்தேகிக்கத் தொடங்குகிறான்: உண்மையிலேயே எனக்கு ஏதும் இல்லையோ, மனப்பிரமையோ என்று. இப்படி மாதக்கணக்கில் அலைந்தபின் ஒரு மருத்துவர் 'ஜவ்வு முழுதாக அறுந்திருக்கிறது' என்று சொல்லும்போது சிலர் அழுவதற்குப் பதிலாக ஆறுதல் அடைகிறார்கள். தான் பொய் சொல்லவில்லை என்பதற்கு அது சாட்சி. பெற்றோருக்கு விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் அது இயல்பானது.

எனவே மனதுக்கான முதல் மருந்து ஒரு தெளிவான பெயர்தான். முழங்கால் சில மணி நேரத்திற்குள் வீங்கினால், அல்லது பின்னர் திரும்பும்போது விலகினால், எலும்பு மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் தேவையா என்று கேட்பது செலவாகத் தோன்றினாலும் வீண் செலவு அல்ல. விலகும் காலோடு தொடர்ந்து ஆடினால் முழங்காலின் உள் குருத்தெலும்பும் சேர்ந்து கிழியும். அது தனிப் பிரச்சினை.

ஐந்து படிகள் உண்மையா?

காயம்பட்டவரின் மனநிலை பற்றிப் பேசும் பலரும் ஒரு பட்டியலைச் சொல்வார்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, பின் ஏற்பு. எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர், மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி 1969இல் எழுதியது அது. விளையாட்டுக் காயத்துக்கு அதை அப்படியே கடன் வாங்கிக்கொண்டார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் எல்லா வீரர்களும் அந்த வரிசையில் போகிறார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. 'நீ இன்னும் மறுப்பு நிலையில் இருக்கிறாய்' என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதால் எந்த நன்மையும் இல்லை.

1998இல் டயேன் வீஸ்-பியோர்ன்ஸ்டாலும் குழுவினரும் முன்வைத்த விளக்கம் நமக்கு அதிகம் பொருந்துகிறது. காயம் ஒன்றுதான், ஆனால் அதை ஒருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பது உணர்வை மாற்றுகிறது, உணர்வு நடத்தையை மாற்றுகிறது, நடத்தை மீண்டும் எண்ணத்தை மாற்றுகிறது. இது படிக்கட்டு அல்ல, சுழற்சி. திங்கட்கிழமை நம்பிக்கையோடு உடற்பயிற்சி செய்த பிள்ளை புதன்கிழமை அணியின் வெற்றிப் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு மூன்று நாள் அறையைவிட்டு வெளியே வராமல் இருக்கலாம். அது பின்னடைவு அல்ல. அப்படித்தான் போகும்.

இந்தச் சுழற்சியில் நாம் கைவைக்கக்கூடிய இடம் முதல் இடமான 'புரிந்துகொள்ளுதல்'. 'என் விளையாட்டு முடிந்தது' என்று நினைக்கும் பிள்ளையிடம் 'தைரியமாக இரு' என்று சொல்வது எங்கும் ஒட்டாது. அறுவை சிகிச்சை எப்படி நடக்கும், எந்த வாரம் ஊன்றுகோலை விடலாம், எந்த மாதம் ஓடத் தொடங்கலாம், எது வலித்தால் பயப்பட வேண்டும், எது வலித்தால் பயப்படத் தேவையில்லை என்று மருத்துவரே அவனிடம் நேரடியாகச் சொல்வது ஒட்டும். நம் மருத்துவமனைகளில் இதெல்லாம் அப்பாவிடம்தான் சொல்லப்படுகிறது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். பெற்றோர் சற்று ஒதுங்கி, 'டாக்டர், அவனிடமே சொல்லுங்கள்' என்று கேட்டாலே போதும்.

சலிப்பான மாதங்கள்

அறுவை சிகிச்சை நாளில் வீடு நிறைய ஆட்கள் வருவார்கள், ஆப்பிள் வரும், ஆரஞ்சு வரும். ஆறாவது வாரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அப்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. தொடைத்தசை பார்த்தவுடன் தெரியும் அளவுக்கு மெலிந்துபோயிருக்கும். அந்த இரு தொடைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கணம் பல மாணவர்களுக்கு காயம் பட்ட நாளைவிடக் கடினமானது. பத்து மீட்டர் வேகமாக ஓடிய கால், இப்போது படுக்கையில் ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்தப் பழகுகிறது. தினமும் அதே பயிற்சி, கைதட்டலும் இல்லை, ஸ்கோரும் இல்லை.

பிசியோதெரபியைப் பாதியில் விடுபவர்கள் சோம்பேறிகள் அல்லர். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாததால் விடுகிறார்கள். அதற்கு எளிய வழி உண்டு. ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு தையல்காரர் டேப். வாரம் ஒருமுறை முழங்காலுக்கு மேல் ஒரே இடத்தில் தொடைச் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர், முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, ஒற்றைக் காலில் எத்தனை நொடி நிற்க முடிகிறது என்று எழுதி வைப்பது. 'மீண்டும் மாநில அணி' என்பது இலக்கு அல்ல, அது ஆசை. 'இந்த வாரம் படிக்கட்டில் கைப்பிடி பிடிக்காமல் இறங்குவது' என்பது இலக்கு. போட்டிக்குப் பழகிய பிள்ளைகளுக்கு எண்கள் பிடிக்கும். தன் பழைய எண்ணோடு போட்டி போட விடலாம்.

இன்னொரு கருவி மனக்காட்சி. கண்ணை மூடி, மூச்சைச் சீராக்கி, முழங்கால் பலம் பெறுவதையும் பின்னர் களத்தில் தான் ஆடும் அசைவுகளையும் உள்ளே ஓட்டிப் பார்ப்பது. சினிமாத்தனமாகத் தோன்றலாம். ஏ.சி.எல். அறுவை சிகிச்சை செய்துகொண்ட 30 பேரிடம் இதைச் சோதித்து டெபோரா குப்பாலும் ப்ரூவரும் 2001இல் வெளியிட்டார்கள். வழக்கமான பிசியோதெரபியோடு மனத்தளர்வுப் பயிற்சியும் மனக்காட்சியும் பத்து அமர்வுகள் பெற்றவர்களுக்கு ஆறு மாதம் கழித்து முழங்கால் பலம் அதிகமாகவும், வலியும் மறுகாயம் பற்றிய பதற்றமும் குறைவாகவும் இருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனால் செலவில்லாத காரியம், படுக்கையிலிருந்தே செய்யலாம்.

தப்பித்தல் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு இரண்டு மணி வரை மொபைல் விளையாட்டு, அணி நண்பர்களின் அழைப்பை எடுக்காமல் இருப்பது, மைதானம் இருக்கும் தெருவைச் சுற்றிப் போவது. இவற்றை உடனே கெட்ட பழக்கம் என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்பது நம் கருத்து. முதல் இரண்டு வாரம் மனம் சற்று ஒளிந்துகொள்வது காயத்தின் மேல் கட்டுப் போடுவது போலத்தான். அதே ஒளிதல் மூன்றாவது மாதமும் நீடித்து, பிசியோவுக்குப் போவதையும் விழுங்கிவிட்டால் அப்போது கவலைப்பட வேண்டும்.

அணியோடு உறவு எப்படி இருக்க வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே விடை இல்லை. சிலருக்கு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினாலே உயிர் வரும். சிலருக்கு அது தண்டனை. எனவே பி.டி. மாஸ்டர்கள் உத்தரவிடாமல் கேட்பது நல்லது: 'வருகிறாயா, ரெய்டர்கள் செய்யும் தவறுகளைக் குறித்துக்கொடுக்கிறாயா?' வரவில்லை என்றால் அடுத்த வாரம் மீண்டும் ஒருமுறை கேட்கலாம். பயிற்சியாளர் கேட்காமலே விட்டுவிடுவதுதான் பிள்ளைகளை அதிகம் உடைக்கிறது. கால் நன்றாக இருந்தவரை தினமும் பேர் சொல்லி அழைத்தவர், கால் போனதும் ஃபோன்கூடச் செய்யவில்லை என்ற குறையைப் பல ஆண்டுகள் சுமப்பவர்கள் உண்டு.

வீட்டில் பேசும் பேச்சு

'நான் அப்போதே சொன்னேன் விளையாட வேண்டாமென்று' என்ற வாக்கியத்தை வீட்டில் யாரும் சொல்லாமல் இருந்தால் பாதி மருத்துவம் முடிந்தது. அறுவை சிகிச்சைச் செலவைப் பற்றிய பேச்சும் பிள்ளையின் காதில் விழாமல் நடக்கட்டும். தன்னால் குடும்பத்துக்குக் கடன் என்ற குற்ற உணர்வு, வலியை மறைக்கவும் சீக்கிரம் குணமானதாக நடிக்கவும் வைக்கும்.

இன்னொன்று, பிரபலங்களைக் காட்டி உற்சாகப்படுத்துவது. நீரஜ் சோப்ரா 2019 மே மாதம் முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார், 2021இல் டோக்கியோவில் தங்கம் வென்றார். வினேஷ் போகாட் 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயத்தோடு ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்பட்டு, 2018 ஆசிய விளையாட்டில் தங்கத்தோடு திரும்பினார். உண்மைதான், பெருமைக்குரியதுதான். ஆனால் அவர்களுக்குப் பின்னால் நாட்டின் முன்னணி மருத்துவர்களும் முழுநேரப் பயிற்சியாளர்களும் இருந்தார்கள். பேருந்து ஏறி வாரம் இருமுறை பிசியோவுக்குப் போகும் மாணவனிடம் 'அவரைப் பார், எட்டு மாதத்தில் வந்துவிட்டார்' என்றால் அது ஊக்கம் அல்ல, கெடு.

நாம் சொல்ல வேண்டிய பிரபலக் கதை வேறு. முஹம்மது ஷமி 2015 உலகக் கோப்பையை முழங்கால் காயத்தோடு ஆடி முடித்தார். முழுதாகக் குணமாகப் பதினெட்டு மாதங்கள் பிடித்தன. அந்தக் காயம், பிறகு வந்த குடும்பப் பிரச்சினைகள் எல்லாம் சேர்ந்து தன்னை எங்கே கொண்டு நிறுத்தின என்று 2020இல் ரோஹித் சர்மாவுடனான நேரலை உரையாடலில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். மூன்று முறை உயிரை விடும் எண்ணம் வந்தது, வீட்டார் தன்னைத் தனியாக விடாமல் கூடவே இருந்து காத்தார்கள் என்றார். அவ்வளவு பெரிய பந்துவீச்சாளர் இதை வாய்விட்டுச் சொன்னது பல இளைஞர்களுக்கு, தனக்கு மட்டும் இப்படித் தோன்றவில்லை என்று காட்டியது.

எப்போது வெளியே உதவி தேட வேண்டும்? இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ மாறிப்போயிருந்தால், முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாவிட்டால், காரணமின்றி அழுகையோ கோபமோ வந்துகொண்டிருந்தால், வலி நிவாரண மாத்திரையை வலி இல்லாதபோதும் தேடினால், பிசியோவை முழுதாகக் கைவிட்டால், மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ அழைத்துச் செல்ல வேண்டும். 'நான் இருந்து என்ன பயன்' என்ற பேச்சு விளையாட்டாக வந்தால்கூட அன்றே. மத்திய அரசின் டெலிமனாஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் தமிழில் பேசலாம். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு எரிச்சலும் சோர்வும் தூக்கக் குழப்பமும் வந்தால் அது மூளை அதிர்ச்சியின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், அதை மனக்கவலை என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மகள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குதித்துத் திரும்பும் விளையாட்டுகளில் ஏ.சி.எல். காயம் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம் வருகிறது. ஆனால் மகனுக்குக் காயம் என்றால் 'எப்போது திரும்ப ஆடுவான்' என்று கேட்கும் வீடு, மகளுக்குக் காயம் என்றால் 'போதும், விட்டுவிடு' என்று முடித்துவிடுகிறது. முழங்கால் தழும்பு நாளை வரன் பார்க்கும்போது பேச்சாகுமோ என்ற கவலையும் மெல்லிய குரலில் வரும். அந்தப் பெண்ணுக்கு ஒரே வாரத்தில் இரண்டு இழப்பு, அதில் இரண்டாவது காயத்தால் வந்தது அல்ல. விளையாட்டைத் தொடர்வதா வேண்டாமா என்ற முடிவைக் குணமான பிறகு, அவளையும் உட்கார வைத்துப் பேசி எடுக்கலாமே.

திரும்பி வரும் நாள்

எல்லாரும் காத்திருக்கும் நாள் இதுதான், மனதுக்கு மிக அபாயமான நாளும் இதுதான். கிளேர் ஆர்டர்னும் குழுவினரும் ஏ.சி.எல். அறுவை சிகிச்சை செய்துகொண்ட 7,500க்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்ட முடிவு இது: ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 விழுக்காடு, பழைய நிலைக்கே திரும்பியவர்கள் 65, போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55. முழங்கால் நன்றாக இருந்தும் திரும்பாதவர்கள் இதில் கணிசம். காரணம் கேட்டால் முதலில் வருவது மறுபடியும் காயம் படுமோ என்ற பயம்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டெரிக் ரோஸ் 22 வயதில், 2011இல், என்.பி.ஏ.யின் சிறந்த வீரர் விருது பெற்றார். 2012 ஏப்ரலில் இடது முழங்காலில் ஏ.சி.எல். அறுந்தது. 2013 மார்ச்சில் ஆடலாம் என்று மருத்துவர் அனுமதி தந்தும் அவர் அந்தப் பருவம் முழுவதும் இறங்கவில்லை. மனம் தயாராகவில்லை என்ற அவரைச் சிகாகோ ரசிகர்களும் பத்திரிகைகளும் கோழை என்ற அளவுக்குப் பேசின. அடுத்த பருவம் இறங்கினார்; நவம்பரில் மறு முழங்காலில் குருத்தெலும்பு கிழிந்தது. பொறுத்திருந்தால் காயமே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் 'டாக்டர் சொல்லிவிட்டார், இறங்கு' என்ற நெருக்கடி எவ்வளவு பெரிய வீரரையும் எவ்வளவு தனியனாக்கும் என்பதற்கு அந்த ஓராண்டு சாட்சி.

பயத்தைக் கோழைத்தனம் என்று பார்ப்பது மருத்துவரீதியாகவும் தவறு. பயத்தோடு ஆடுபவர் காயம்பட்ட காலில் எடையைப் போடத் தயங்குவார், தசைகளை இறுக்கி வைத்துக்கொள்வார், தரையிறங்கும் முறை மாறும். விளையாட்டுக்குத் திரும்பும் நேரத்தில் பயம் மிகுந்திருந்தவர்களுக்கு இரண்டாவது ஏ.சி.எல். காயம் அதிகம் வந்ததை மார்க் பேட்டர்னோவின் 2018 ஆய்வு காட்டியது. 25 வயதுக்கு உட்பட்டு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினருக்கு, அதாவது நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக, அதே காலிலோ மறு காலிலோ மீண்டும் ஏ.சி.எல். அறுந்ததை 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. எனவே பயப்படும் பிள்ளை முட்டாள் அல்ல, பாதி உண்மை தெரிந்தவன்.

மீதி உண்மையையும் அவனுக்குச் சொல்ல வேண்டும். நார்வேயில் நடந்த ஆய்வு ஒன்றில், அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுகாய ஆபத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. ஆறாம் மாதம் மண்டலப் போட்டி வருகிறது என்று ஊசி போட்டு, ஸ்ப்ரே அடித்து இறக்குவது எவ்வளவு பெரிய சூது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். சூதின் பந்தயம் பிள்ளையின் முழங்கால்.

பயத்தைக் குறைக்கும் வழி பேச்சு அல்ல, படிப்படியான அசைவு. நேராக ஓடுவது, பின்பு வளைந்து ஓடுவது, இரு காலில் குதித்து இறங்குவது, ஒற்றைக் காலில் குதித்து இரு கால்களின் தூரத்தையும் ஒப்பிடுவது, எதிராளி இல்லாத பயிற்சி, தெரிந்த எதிராளியோடு பயிற்சி, பின்பு பத்து நிமிட ஆட்டம். ஒவ்வொரு படியிலும் கால் தாங்கியதை மனம் கண்ணால் பார்க்கிறது. பிசியோ நிபுணர்களிடம் ஏ.சி.எல்.-ஆர்.எஸ்.ஐ. என்ற பன்னிரண்டு கேள்விப் பட்டியல் உண்டு. காலை அல்ல, நம்பிக்கையை அளப்பது. உங்கள் பிள்ளைக்கு அதைக் கொடுத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். பட்டியல் கிடைக்காவிட்டால் ஒரு கேள்வியையாவது நாமே கேட்கலாம்: 'பந்து உன் பக்கம் வரும்போது முழங்கால் ஞாபகம் வருகிறதா?' ஆம் என்றால் இன்னும் இரண்டு வாரம்.

திரும்பும் பிள்ளைக்குத் தேர்வுக் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மன அழுத்தம் இருக்கும்போது ஓரப் பார்வை குறுகுகிறது, தசைகள் இறுகுகின்றன, அதனால் காயம் எளிதில் படுகிறது என்பது 1988இலேயே ஆண்டர்சனும் வில்லியம்ஸும் முன்வைத்த விளக்கம். மிசூரி பல்கலைக்கழக மாணவ வீரர்களைத் தொடர்ந்த 2016 ஆய்வில் தேர்வு வாரங்களில் காயங்கள் கூடியிருந்தன. அரையாண்டுத் தேர்வும் மண்டலப் போட்டியும் ஒரே வாரத்தில் வந்தால் அந்த வாரம் பயிற்சியின் கடுமையைக் குறைக்கும்படி மாஸ்டரிடம் பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

திரும்பாதவர்கள்

போட்டிக்குத் திரும்பாத 45 விழுக்காட்டினரைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. அவர்களில் சிலர் படிப்புக்காக, சிலர் செலவு தாங்காமல், சிலர் இனி வேண்டாம் என்று தெளிவாக முடிவெடுத்து விலகியவர்கள். அந்த முடிவைத் தோல்வி என்று அழைக்காமல் இருந்தால் அவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். உறுத்தல், மைதானத்தோடு எல்லா உறவும் ஒரே நாளில் அறுந்துபோவதில்தான். நடுவர் தேர்வு எழுதலாம். சென்னை நந்தனத்தில், 1920இல் தொடங்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி உண்டு, மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உண்டு. பிசியோதெரபிக்கும் பட்டப்படிப்பு உண்டு. ஒன்பது மாதம் அந்தக் கட்டிலில் படுத்த பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்று யோசிக்கும் நேரத்திலேயே இந்த வழிகளை அவன் காதில் போட்டு வைக்கலாம், கால் நன்றாக இருக்கும்போதே.